ரிவெர்ப் போட்டா குகை மாதிரி இருக்கு, எடுத்தா ஒட்டவே மாட்டேங்குது: வீட்டு மிக்ஸ்ல வாய்ஸ உக்கார வைக்கிறது எப்படி?

ராத்திரி_டேக்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா ஒரே பாட்டோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், இனிமே தனியா முடியாதுன்னு தோணுனதால தான் இங்க கேக்குறேன். பாட்டு நானே மெட்டு போட்டது, தங்கச்சி பாடியிருக்கா. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், கீபோர்டுல ஒரு பேட் (பின்னணில நீளமா ஒலிக்குற சத்தம்), பேஸ், லைட்டா ஒரு ஷேக்கர், அவ்ளோ தான். டெம்போ 80. ரீப்பர்ங்குற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல பண்றேன். வாய்ஸ் எடுத்தது என் பெட்ரூம்ல, கண்டென்சர் மைக், பாப் ஃபில்டர் உண்டு, மைக்லேர்ந்து ஒரு 30 சென்டிமீட்டர் தள்ளி நின்னு பாடினா.

பிரச்சனை என்னன்னா ரிவெர்ப் (ஒரு இடத்துல பாடின மாதிரி சத்தத்துக்கு எதிரொலி வால் சேக்குற எஃபெக்ட்) இல்லாம கேட்டா குரல் பாட்டு மேல தனியா ஒட்ட வச்ச மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது, போட்டா உடனே குகைக்குள்ள போயிடுது, நடுவுல ஒரு இடமே கிடைக்க மாட்டேங்குது. சரணத்துல வேகமா ஒரு சங்கதி வரும், அவ அத அவ்ளோ சுத்தமா பாடியிருக்கா, ரிவெர்ப் போட்டதும் அந்த சங்கதி முழுக்க கரைஞ்சு கூழாயிடுது. அப்புறம் "ச", "ஸ" வர்ற ஒவ்வொரு இடத்துலயும் பின்னாடி "ஸ்ஸ்ஸ்"னு ஒரு இழுவை தொங்குது.

நான் பண்ணியிருக்குறது இது தான்: வாய்ஸ் ட்ராக்ல லார்ஜ் ஹால் ப்ரீசெட், 3.2 செகண்ட், மிக்ஸ் 35 சதவீதம். கிட்டார்ல வேற ஒரு ரிவெர்ப் 25. பேட்ல அதோட சொந்த ரிவெர்ப் இருக்கு. எல்லாம் ஒன்னா ஒட்டட்டும்னு மாஸ்டர்லயும் (எல்லா ட்ராக்கும் வந்து சேர்ற கடைசி ட்ராக்) கொஞ்சம் போட்டேன். ஹெட்போன்ல ஓரளவு நல்லா இருக்கு, போன் ஸ்பீக்கர்ல கேட்டா ரிவெர்ப் போட்டதே தெரியல, ஆனா அந்த கூழ் மட்டும் அப்படியே இருக்கு. காசு குடுத்து நல்ல ப்ளகின் வாங்கணுமா, இல்ல நான் தான் ஏதோ தப்பா பண்றேனா?

சென்ட்_பஸ்

ப்ரோ ப்ளகின் எதுவும் வாங்காதீங்க. முதல்ல மாஸ்டர்ல இருக்குற ரிவெர்ப எடுத்துடுங்க, இத படிச்சு முடிச்ச உடனே. அதுக்குள்ள பேஸும் போகுது, ஏற்கனவே ரிவெர்ப் போட்ட வாய்ஸும் போகுது, ரிவெர்புக்கே ரிவெர்ப் போட்டுட்டு இருக்கீங்க, நீங்க சொல்ற கூழ்ல பாதி அங்கேர்ந்து தான் வருது.

அடுத்தது, ட்ராக் ட்ராக்கா இன்செர்ட்ல (ட்ராக் மேலயே) போடுறத விட்டுட்டு சென்டுக்கு (ட்ராக்கோட ஒரு நகல வேற ட்ராக்குக்கு அனுப்புறது) வாங்க. புதுசா ஒரு ட்ராக் தொறந்து அதுல ரிவெர்ப் மட்டும் போடுங்க, வெட் (ரிவெர்ப் ஆன சத்தம்) முழுசா, ட்ரை (மூல சத்தம்) சுத்தமா ஜீரோ. வாய்ஸ், கிட்டார் ரெண்டுலேர்ந்தும் அந்த ட்ராக்குக்கு சென்ட் குடுங்க. இதுல என்ன லாபம்னா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்காங்கன்னு காது நம்பும், உங்களோட இப்போதைய மிக்ஸ்ல வாய்ஸ் ஒரு ஹால்ல நிக்குது, கிட்டார் வேற வீட்ல இருக்கு, பேட் வேற ஊர்ல இருக்கு, பின்ன எப்படி ஒட்டும்? சென்ட் போஸ்ட் ஃபேடரா (ட்ராக்கோட சத்த அளவு ஃபேடருக்கு அப்புறம் எடுக்குறது) இருக்கட்டும், வாய்ஸ் ஃபேடர இறக்குனா ரிவெர்பும் கூடவே இறங்கணும். ப்ரீ ஃபேடர்ல வச்சா குரல் இறங்கினாலும் ரிவெர்ப் அப்படியே நிக்கும், பாடகி பின்னாடி நடந்து போற மாதிரி ஒரு எஃபெக்ட் வேணும்னா மட்டும் அது.

இன்னொரு பெரிய லாபம், ரிவெர்ப் தனி ட்ராக்ல இருக்குறதால அதுக்கு மட்டும் ஈக்யூ (கீழ், மேல் அலைவரிசைய கூட்டி குறைக்குறது) போடலாம். ரிவெர்ப் ப்ளகினுக்கு முன்னாடி ஒரு ஈக்யூ வச்சு கீழயும் மேலயும் வெட்டிடுங்க. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ பேர்லயே இந்த வழக்கம் சொல்லப்படுது, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டிட்டு மிச்சத்த தான் ரிவெர்புக்கு அனுப்புறது. அந்த நம்பர அப்படியே போடணும்னு இல்ல, பொண்ணு குரல்னா கீழ 300லேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா மேல ஏத்துங்க, கிட்டாரும் குரலும் மோதிக்கிற அந்த மப்பு விலகுற இடத்துல நிறுத்திடுங்க. வெட்டுன உடனே ரிவெர்ப தனியா சோலோல கேட்டா டப்பா மாதிரி அசிங்கமா இருக்கும், பயப்படாதீங்க, முழு மிக்ஸோட கேளுங்க.

அந்த "ஸ்ஸ்ஸ்" இழுவைக்கு டீ எஸ்ஸர், "ஸ" சத்தத்த மட்டும் அமுக்குற ப்ளகின். ஆனா வாய்ஸ் ட்ராக்ல இல்ல, ரிவெர்ப் ட்ராக்ல ரிவெர்புக்கு முன்னாடி. அங்க நல்லா அழுத்தி போடலாம், ஏன்னா நேரா கேக்குற குரல்ல "ஸ" தெளிவா அப்படியே தான் இருக்கும், ரிவெர்புக்குள்ள போற "ஸ" மட்டும் தான் மழுங்கும்.

அளவு எப்படி வைக்கிறதுன்னா, பாட்டு முழுசா ஓடிட்டு இருக்கும்போது சென்ட அடியிலேர்ந்து மெதுவா ஏத்துங்க, ரிவெர்ப்னு காதுக்கு தெரிய ஆரம்பிக்குற இடத்துலேர்ந்து 2 இல்ல 3 டிபி (டெசிபல், சத்த அளவு) இறக்கிடுங்க. அப்புறம் ரிவெர்ப் ட்ராக்க ம்யூட் பண்ணிப் பாருங்க. ம்யூட் பண்ணா ஏதோ போயிடுச்சேன்னு இருக்கணும், திரும்ப ஆன் பண்ணா தனியா துருத்தக்கூடாது.

பழைய_ஹெட்போன்

தம்பி, சென்ட் பத்தி மேல சொன்னதெல்லாம் சரி, அத கண்டிப்பா பண்ணுங்க. ஆனா உங்க பதிவுல என் கண்ணு நின்ன இடம் வேற. "பெட்ரூம்", "30 சென்டிமீட்டர்". குரல் ஏன் ஒட்ட மாட்டேங்குதுங்குறதுக்கு பதில் அங்க இருக்குன்னு நினைக்கிறேன்.

ஒரு காரியம் பண்ணுங்க. வாய்ஸ் ட்ராக்க மட்டும் சோலோ போட்டு, ரிவெர்ப் எல்லாத்தையும் எடுத்துட்டு, ஹெட்போன்ல சத்தமா வச்சு, வார்த்தைய கேக்காதீங்க, வார்த்தை முடியுற இடத்த கேளுங்க. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் ஒரு குட்டி "டப்" மாதிரி, காலி அண்டாக்குள்ள பேசுன மாதிரி ஒன்னு ஒட்டிக்கிட்டு வருதா? வந்தா அது உங்க ரூம். இன்னும் சந்தேகம்னா அதே இடத்துல நின்னு ஒரு கை தட்டுங்க, வெறும் சுவர் ரெண்டு நேருக்கு நேரா இருந்தா "ட்ரிங்ங்"னு ஒரு சின்ன அதிர்வு சுவருக்கு சுவர் ஓடி அடங்குறது காதுலயே கேக்கும்.

விஷயம் என்னன்னா சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகுது, அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். உங்க சுவர் ஒன்றரை மீட்டர்ல இருந்தா போய்த் திரும்பி வர 3 மீட்டர், 9 மில்லிசெகண்ட்ல அந்த ரூமோட பதில் மைக்குக்கு வந்துடுது. காது அத எதிரொலின்னு தனியா பிரிச்சு கேக்காது, ஆனா "இது சின்ன ரூம்"னு முடிவு பண்ணிடும். அதுக்கு மேல நீங்க 3.2 செகண்ட் ஹால போட்டா சின்ன டப்பா ஒன்ன தூக்கி பெரிய மண்டபத்துல வச்ச மாதிரி ஆகுது, ரெண்டு அளவும் சேர்ந்து கேக்கும்போது மூளை எதையும் நம்பாது. அது மட்டும் இல்ல, வாய்ஸ்ல கம்ப்ரஸர் (சத்தமான இடத்த அமுக்குற ப்ளகின்) போட்டு 8 டிபி அழுத்தி அதே 8 டிபி திரும்ப ஏத்தியிருந்தீங்கன்னா, குரல் அடங்குற இடத்துல பின்னாடி இருக்குற ரூமும் 8 டிபி ஏறி வந்து நிக்கும். ரெக்கார்ட் பண்ணும்போது தெரியாதது மிக்ஸ்ல எங்கேர்ந்து வந்துச்சுன்னு நாம திகைச்சு நிக்கிறது இதனால தான்.

நான் இதுல நல்லா அடிபட்டிருக்கேன். ரொம்ப நாள் முன்னாடி, நண்பன் ஒருத்தன் குரல வெறும் டைல்ஸ் போட்ட காலி ரூம்ல எடுத்தேன், இயற்கையாவே ரிவெர்ப் கிடைக்குதேன்னு சந்தோஷமா இருந்துச்சு. மிக்ஸ் பண்ணும்போது தான் தெரிஞ்சுது, ரெக்கார்டிங்ல ஏறின ரிவெர்ப கூட்டலாம், சுத்தமா எடுக்கிறது ரொம்ப கஷ்டம். பத்து நாள் போராடிட்டு கடைசியில நாலு பாட்டையும் அவன திரும்ப பாட வச்சேன். அவனுக்கு அந்த மொத டேக்ல இருந்த உணர்ச்சி திரும்ப வரவே இல்ல, அது இன்னைக்கும் எனக்கு வருத்தம் தான்.

அதனால முடிஞ்சா தங்கச்சிய ஒரு தடவ திரும்ப பாட சொல்லுங்க. மைக்க 15 சென்டிமீட்டருக்கு கொண்டு வாங்க, தூரம் பாதியானா நேரா வர்ற குரல் 6 டிபி ஏறும், ரூம் அப்படியே தான் இருக்கும், அப்ப மைக் கெயின இறக்கும்போது ரூம் தானா 6 டிபி கீழ போயிடும். ஒரு பைசா செலவில்லாம கிடைக்குற 6 டிபி அது. கிட்ட வந்தா அடித்தொண்டை கொஞ்சம் கனமாகும், 150 ஹெர்ட்ஸ் பக்கம் லேசா வெட்டிக்கலாம். அப்புறம் ரஜாய், கம்பளி எது இருந்தாலும் அத பாடுறவங்களுக்குப் பின்னாடி தொங்க விடுங்க. நிறைய பேரு மைக்குக்குப் பின்னாடி தொங்க விடுறாங்க, கார்டியாய்டு மைக் பின்பக்கம் சரியா கேக்காது, அது பாத்துட்டு இருக்குறது பாடுறவங்களையும் அவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குற சுவரையும் தான்.

வால்_நீளம்

மேல ரெண்டு பேரும் சொன்னதோட நான் சங்கதி விஷயத்துக்கு மட்டும் வர்றேன், ஏன்னா கரைஞ்சு போறது ஏன்னு கணக்கு போட்டே பாத்துடலாம்.

ரிவெர்ப் ப்ளகின்ல டிகே 3.2 செகண்ட்னு போட்டிருக்குன்னா சத்தம் நின்னப்புறம் 60 டிபி இறங்க 3.2 செகண்ட் ஆகும்னு அர்த்தம். அரங்குகள்ல இந்த அடங்குற நேரத்த முதல்ல முறையா அளந்தவர் வாலஸ் சபின், 1890கள்ல ஹார்வர்ட்ல ஒரு லெக்சர் ஹால்ல பேசுறது புரியலன்னு அவர்கிட்ட ஒப்படைச்சாங்க, மெத்தை மெத்தையா கொண்டு வந்து போட்டு அளந்து பாத்தாரு. அந்த ஹாலோட பிரச்சனையும் உங்க பிரச்சனையும் ஒன்னு தான், முந்தின எழுத்து அடங்குறதுக்குள்ள அடுத்த எழுத்து வந்துடுது.

இப்ப உங்க டெம்போ 80. அதாவது நிமிஷத்துக்கு 80 பீட், ஒரு நிமிஷம் 60000 மில்லிசெகண்ட், அத 80ஆல வகுத்தா ஒரு பீட்டுக்கு 750 மில்லிசெகண்ட். சங்கதி ஒரு பீட்டுக்கு நாலு ஸ்வரமா ஓடுதுன்னு வச்சுக்கோங்க, ஒரு ஸ்வரத்துக்கு 187 மில்லிசெகண்ட். 3.2 செகண்ட் ஹால்ல செகண்டுக்கு 19 டிபி கூட இறங்கல, அப்ப ஒரு ஸ்வரம் முடிஞ்சு அடுத்தது முடியுறதுக்குள்ள ரிவெர்ப்ல முந்தினது வெறும் மூன்றரை டிபி தான் இறங்கியிருக்கும். அதாவது ரிவெர்புக்குள்ள நாலு ஸ்வரமும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்துல ஒன்னா ஒலிச்சிட்டு இருக்கு, சங்கதி இல்ல அது, கார்ட் ஆயிடுச்சு. இதே டிகேய ஒன்றரை செகண்டுக்கு கொண்டு வந்தா ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஏழரை டிபி இறங்கும், தனித்தனியா காதுக்கு பிடிபடும். மெலடி பாட்டுன்னா நீளமான ரிவெர்ப்னு ஒரு பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அசைவு அதிகமா இருக்குற குரலுக்கு அது ஒத்து வராது.

அடுத்தது குகை. இதுக்கு காரணம் பெரும்பாலும் ப்ரீ டிலே (குரலுக்கும் ரிவெர்ப் ஆரம்பிக்குறதுக்கும் நடுவுல விடுற இடைவெளி), உங்க ப்ரீசெட்ல ஜீரோவா இருக்கும், பாருங்க. ஒரு பெரிய ஹால்ல பாடகி உங்க கிட்ட நின்னா அவங்க குரல் உடனே வரும், சுவர்லேர்ந்து திரும்பி வர்றது லேட்டா வரும். அதே பாடகி ஹாலோட கடைசியில நின்னா குரலும் சுவரோட பதிலும் கிட்டத்தட்ட ஒன்னா வந்து சேரும். அப்ப ப்ரீ டிலே இல்லாம ரிவெர்ப் போட்டா நீங்க தங்கச்சிய ஹாலோட கடைசி வரிசைக்கு அனுப்பிட்டீங்கன்னு அர்த்தம், ரிவெர்ப் எவ்ளோ கொஞ்சமா போட்டாலும் குரல் முன்னாடி வராது. ரிவெர்ப் விஷயத்துல நான் கத்துக்கிட்டது இது ஒன்னு தான்: பாடுறவங்க எங்க நிக்கணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு தான் நாப தொடணும்.

ஆரம்பிக்க ஒரு நம்பர் வேணும்னா, 750ஐ பாதி பாதியா வெட்டிட்டே போங்க, 375, 187, 94, 47. ப்ரீ டிலே 47. ப்ரீ டிலேயும் டிகேயும் சேர்ந்து ரெண்டு பீட், அதாவது 1500 வர்ற மாதிரி டிகேய 1.45 செகண்ட் வச்சா ரிவெர்ப் தாளத்தோட சேர்ந்து மூச்சு விடும். இது வேதவாக்கு இல்ல, ஆரம்பப் புள்ளி, அங்கேர்ந்து காத நம்பி நகத்துங்க.

இன்னும் ஒன்னு மட்டும். எல்லா இடத்துலயும் ஒரே அளவு ரிவெர்ப் இருக்கணும்னு அவசியமே இல்ல. சங்கதி வர்ற இடத்துல சென்ட ஆட்டோமேஷன்ல (பாட்டு ஓடும்போது இடத்துக்கு ஏத்த மாதிரி அளவு தானா மாறுறது) 4 டிபி இறக்குங்க, வரி முடியுற கடைசி வார்த்தைல ஏத்துங்க, அங்க தான் இடம் காலியா இருக்கு, வால் அங்க அழகா நீளட்டும். கையால செய்ய நேரமில்லன்னா ரிவெர்ப் ட்ராக்ல ஒரு கம்ப்ரஸர் வச்சு வாய்ஸ்லேர்ந்து சைட்செயின் குடுங்க, அதாவது வாய்ஸ் வர்றப்ப கம்ப்ரஸர் ரிவெர்ப அமுக்கும். ரீப்பர்ல வாய்ஸோட இன்னொரு சென்ட ரிவெர்ப் ட்ராக்கோட 3/4 சேனலுக்கு விட்டு, ரியாகாம்ப்ங்குற கம்ப்ரஸர்ல டிடெக்டர் இன்புட்ட ஆக்ஸிலரின்னு மாத்தினா போதும், அந்த ட்ராக்க 4 சேனலா ஆக்கிட்டீங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க. பாடும்போது ரிவெர்ப் 3, 4 டிபி பதுங்கும், வாய மூடினதும் எழும்பும். ரிலீஸ் ஒரு 250 மில்லிசெகண்ட் வைங்க, ரொம்ப வேகமா வச்சா பம்ப் அடிக்குறது கேக்கும்.

ராத்திரி_டேக்

இவ்ளோ விளக்கமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல, மூணு பேருக்கும் நன்றி. மூணு ராத்திரி உக்காந்து ஒவ்வொன்னா பண்ணேன்.

பழைய ஹெட்போன் அண்ணா சொன்ன மாதிரி வார்த்தை முடியுற இடத்த மட்டும் கேட்டேன், அந்த "டப்" அப்படியே இருக்கு, ஒரு மாசமா என் காதுக்கு படவே இல்ல. தங்கச்சி காலேஜ்லேர்ந்து வந்ததும் சரணத்த மட்டும் திரும்ப பாட வச்சேன், 15 சென்டிமீட்டர், அவ பின்னாடி ரெண்டு ரஜாய். புது டேக்கையும் பழைய டேக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டா ரிவெர்ப் எதுவும் போடாமயே புதுசு முன்னாடி வந்து நிக்குது. பல்லவிய இன்னும் எடுக்கல, அவளுக்கு தொண்டை சரியில்ல.

சென்ட், ஈக்யூ, டீ எஸ்ஸர் எல்லாம் போட்டாச்சு. மாஸ்டர்ல இருந்தத எடுத்த உடனே கிட்டார் கம்பி சத்தம் தெரிய ஆரம்பிச்சுது. டிகே 1.45ல சங்கதி சுத்தமா கேக்குது. ஆனா ப்ரீ டிலே 47 வச்சப்ப "ட", "க" மாதிரி அடிச்சு சொல்ற எழுத்து எல்லாம் ரெண்டு தடவ விழுற மாதிரி இருந்துச்சு, "பட்டு"ன்னு பாடினா பின்னாடி இன்னொரு சின்ன "ட்டு". இறக்கிட்டே வந்து 32ல அது மறைஞ்சுது, குரல் முன்னாடியே தான் இருக்கு. இது சரியா?

இன்னும் ரெண்டு சந்தேகம். போன்ல ரிவெர்ப் காணாம போறது ஏன்? அப்புறம் ஹால், ப்ளேட், ரூம், கன்வல்யூஷன்னு இத்தன வகை இருக்கே, எத எதுக்கு எடுக்குறது?

வால்_நீளம்

32 சரி தான். 30, 40 மில்லிசெகண்டுக்குள்ள வர்ற எதிரொலிய காது மொத வந்த சத்தத்தோட சேத்துக்கும், அத தாண்டினா தனியா பிரிக்க ஆரம்பிக்கும், 1949லயே ஹெல்முட் ஹாஸ் இத பரிசோதனை பண்ணி எழுதியிருக்காரு. இழுத்து பாடுற எழுத்துல 47 தாங்கும், தட்டுற எழுத்துல தாங்காது. உங்க காது சரியான இடத்துல தான் நின்னுருக்கு.

மோனோ_செக்

போன் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன். சின்ன ஸ்பீக்கர்ல இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒன்னா கலந்து தான் கேக்குது. மோனோவா, அதாவது ரெண்டு பக்கத்தையும் ஒரே சேனலா, கூட்டும்போது நடுவுல இருக்குற வாய்ஸ் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குறதால 6 டிபி ஏறும். ஸ்டீரியோ ரிவெர்ப் அப்படி இல்ல, இடதுல இருக்குறதுக்கும் வலதுல இருக்குறதுக்கும் சம்பந்தம் இல்லாம தான் அத டிசைன் பண்ணியிருப்பாங்க, அது 3 டிபி தான் ஏறும். ஆக குரலோட ஒப்பிட்டா ரிவெர்ப் 3 டிபி காணாம போச்சு. விட்த் (ஸ்டீரியோ அகலம்) நாப 100க்கு மேல தள்ளியிருந்தா இன்னும் மோசம், ரெண்டு பக்கமும் எதிர் ஃபேஸ்ல இருக்குற பகுதி ஒன்ன ஒன்னு தின்னுடும். அதனால மாஸ்டர்ல மோனோ பட்டன் போட்டு தான் நான் ரிவெர்ப் அளவயே முடிவு பண்ணுவேன், மோனோல அளவா இருந்தா ஸ்டீரியோல திறக்கும்போது அழகா விரியும். வாய்ஸுக்கு நேர் பின்னாடியே ஒரு மோனோ ரிவெர்ப் கொஞ்சமா வச்சு, ஸ்டீரியோ ரிவெர்ப அதுக்கு மேல லேசா தூவுறதும் ஒரு வழி, போன்லயும் அது நிக்கும்.

வகை பத்தி. ப்ளேட்ங்கிறது நெசமாவே ஒரு இரும்புத் தகடு. ஜெர்மனில 1957ல வந்த இஎம்டி 140ங்குற மெஷின்ல ஒரு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் மெல்லிய தகட்ட ஃப்ரேம்ல தொங்க விட்டு, ஒரு ட்ரைவர் வச்சு அத அதிர வச்சு, அந்த அதிர்வ பிக்கப் வச்சு எடுத்தாங்க, மொத்தமா சுமார் 270 கிலோ. இதுல சுவர் கிடையாது, அதனால சுவர்லேர்ந்து மொதல்ல வர்ற அந்த தனித்தனி பதில்களும் கிடையாது, எடுத்த எடுப்புல அடர்த்தியா ஆரம்பிச்சு அடங்கும். அப்ப அது காதுக்கு "இது இவ்ளோ பெரிய ரூம்"னு எதையும் சொல்லாது, குரலுக்கு ஒரு பளபளப்ப மட்டும் குடுக்கும். வீட்ல எடுத்த குரலுக்கு நான் ப்ளேட்ட சிபாரிசு பண்றது இதனால தான், ரூம் சண்டை வராது. ஸ்ப்ரிங் ரிவெர்ப்ங்கிறது கிட்டார் ஆம்ப்ல கேக்குற அந்த துள்ளல் சத்தம், வாய்ஸ்ல எனக்கு பிடிக்காது. ஹால் ஸ்ட்ரிங்ஸுக்கும் பேடுக்கும் நல்லா இருக்கும்.

கன்வல்யூஷன் வேற மாதிரி. நிஜமான ஒரு இடத்துல பலூன உடச்சோ, ஸ்பீக்கர்ல அடியிலேர்ந்து மேல வரைக்கும் போற ஸ்வீப் சத்தத்த ஓட விட்டோ, அந்த இடம் திருப்பி குடுக்குறத ரெக்கார்ட் பண்ணி வச்சுப்பாங்க, இம்பல்ஸ்னு சொல்றது அத தான். உங்க குரல அதோட சேத்தா அந்த இடத்துல பாடின மாதிரி வரும். உண்மையா இருக்கும், ஆனா போட்டோ மாதிரி, பெருசா மாத்த முடியாது. ரீப்பர்ல இருக்குற ரியாவெர்பே இத பண்ணும். ஒரு சின்ன மரத்தரை ரூமோட இம்பல்ஸ், அரை செகண்டுக்கும் கம்மியா, கிட்டாருக்கு நல்லா போட்டு வாய்ஸுக்கு துளியூண்டு போடுங்க, ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வந்துடும், அதுக்கு மேல வாய்ஸுக்கு மட்டும் ப்ளேட். டிராகன்ஃப்ளைனு ஒரு ஓப்பன் சோர்ஸ் ரிவெர்ப் இருக்கு, ஹால், ரூம், ப்ளேட் தனித்தனியா வரும், இலவசம், உங்க பாட்டுக்கு அதுவே தாராளம். வல்ஹல்லா சூப்பர்மாசிவும் இலவசம் தான், எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா அது பிரம்மாண்டமா விரியுற பேடுக்கு, இந்த மாதிரி நெருக்கமான குரலுக்கு வேணாம்.

சென்ட்_பஸ்

மோனோ செக் சொன்ன ரூம் ப்ளஸ் ப்ளேட்ட நானும் வழிமொழியுறேன், ஒரே ரிவெர்ப்னு நான் சொன்னத விட இது இந்த பாட்டுக்கு நல்லது. ஒன்னே ஒன்னு சேக்குறேன், பல்லவில ரிவெர்புக்கு பதிலா டிலேயும் முயற்சி பண்ணி பாருங்க. 100 மில்லிசெகண்ட் பக்கம் ஒரே ஒரு ரிப்பீட், மேல 4 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல வெட்டிட்டு, ரொம்ப அடியில. குரலுக்கு பின்னாடி ஒரு ஆழம் வரும், ஆனா வார்த்தைகளுக்கு நடுவுல இடம் காலியாவே இருக்கும். நிறைய பாட்டுல ரிவெர்ப்னு நாம நினைக்குறது உண்மையில டிலே தான்.

இரவல்_ஸ்பீக்கர்

நானும் இதே பிரச்சனையோட இந்த திரிய படிச்சிட்டு வந்தேன், எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. ஒரு சின்ன கேள்வி, ராத்திரி ரிவெர்ப் அளவா வச்சுட்டு படுத்தா காலைல கேக்கும்போது எப்பவுமே அதிகமா இருக்கு. இது எனக்கு மட்டுமா?

பழைய_ஹெட்போன்

எல்லாருக்கும் தான். ரிவெர்ப் காதுக்கு சீக்கிரம் பழகிடும், பழகினதும் குறைஞ்சிடுச்சுன்னு தோணும், இன்னும் கொஞ்சம் ஏத்துவோம், அப்படியே ஏறிட்டே போகும். ராத்திரி கடைசியா ரிவெர்ப தொடாதீங்க, அத காலைல மொத வேலையா வைங்க, மொத ரெண்டு தடவ கேக்கும்போது என்ன தோணுதோ அதுல நில்லுங்க. சத்தத்த நல்லா குறைச்சு வச்சும் கேளுங்க. அப்புறம் உங்களுக்கு பிடிச்ச, இதே வேகத்துல இருக்குற ஒரு பாட்ட ப்ராஜெக்ட்லயே ஒரு ட்ராக்ல போட்டு வச்சு, உங்க மிக்ஸ் அளவுக்கு அத சத்தம் இறக்கி, மாத்தி மாத்தி கேளுங்க. வாய்ஸ் எவ்ளோ காய்ஞ்சு இருக்குன்னு கேட்டு ஆச்சரியப்படுவீங்க.

ராத்திரி_டேக்

அப்டேட். தொண்டை சரியானதும் பல்லவியும் எடுத்தாச்சு. இப்ப இருக்குறது: கிட்டாருக்கும் வாய்ஸுக்கும் பொதுவா ஒரு சின்ன ரூம் இம்பல்ஸ், வாய்ஸுக்கு மட்டும் ப்ளேட் 1.4 செகண்ட், ப்ரீ டிலே 32, கீழ 420 மேல 8000 வெட்டு, சைட்செயின்ல 3 டிபி பதுங்குது. பல்லவில ப்ளேட்ட பாதியா குறைச்சுட்டு 110 மில்லிசெகண்ட் டிலே. சங்கதில சென்ட் 5 டிபி கீழ, அது முடியுற அந்த கடைசி "ஆ"ல மட்டும் 6 டிபி மேல, அங்க வால் நீண்டு அடங்கும்போது தான் பேட் உள்ள வருது, ரெண்டும் ஒன்னுக்குள்ள ஒன்னு போற இடம் எனக்கே சிலிர்க்குது.

மோனோல முடிவு பண்ணதால போன்லயும் இப்ப கேக்குது. தங்கச்சிக்கு என்ன மாத்தினேன்னு சொல்லாம போட்டு காமிச்சேன், "நான் பாடுன வார்த்தை எல்லாம் இப்ப புரியுது"ன்னு சொன்னா, ரிவெர்ப் பத்தி ஒன்னுமே சொல்லல. ரெண்டாவது சரணத்துல ஒரே ஒரு "ஸ" இன்னும் டீ எஸ்ஸர தாண்டி உள்ள போகுது, அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் சென்ட கையால இழுத்து மூடிட்டு இன்னைக்கு ராத்திரி கடைசி ஃபைலா பவுன்ஸ் பண்றேன்.